கழுத்தைப் பிடிக்கும் வேலை

சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி இறக்கும் கிரேனைத் தூரத்திலிருந்து பார்த்தால், அதன் ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது கண்ணில் படாது. பத்து மாடி உயரத்தில், கிரேனின் நீண்ட கையின் அடியில் ஒரு சின்ன அறை தொங்கும். அதன் தரை கண்ணாடி. எதிரே பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை; வேலை முழுவதும் காலுக்குக் கீழே நடக்கிறது. முழங்கால்களுக்கு நடுவே குனிந்து, ஆடும் பெட்டியின் நான்கு மூலைகளையும் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் விசைப்பிடிகளை நகர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கிருந்து வடக்கே போகப் போக, கழுத்துக்கு வேலை வைக்கும் தொழில்கள் வரிசையாக வருகின்றன. காசிமேட்டில் விடியற்காலையில் சும்மாட்டின் மேல் மீன் கூடையை ஏற்றிக்கொண்டு நடக்கும் பெண்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு முன்னால், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை எப்போது நகரும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருக்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள். பட்டறைகளில் தலைக்கு மேலே கையைத் தூக்கி வெல்டிங் வைப்பவர்கள். திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளின் அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை ஒரே உயரத்தில் நாளெல்லாம் முடுக்குகிறவர்கள். சரக்கு ஏஜென்சி அலுவலகங்களில் கணினி முன் ஷிப்பிங் பில் போடும் இளைஞர்கள். வேலை வேறு, கூலி வேறு. ஆனால் மருத்துவர் முன் உட்காரும்போது எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “கழுத்து புடிச்சிக்கிச்சு, கையத் தூக்க முடியல.”

உலகம் முழுவதும் 2020இல் சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. உயிரைப் பறிக்கும் நோய் இல்லை என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாற்பது வயதில் ஒரு லோடுமேனின் தோள் வேலைநிறுத்தம் செய்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கணக்கு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வலிக்கு நம் ஊரில் ஒரு பழகிய பாதை இருக்கிறது. முதலில் தைலமும் ஒத்தடமும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை. அடங்காவிட்டால் ஊசி. ஒரு மாதம் கழிந்தால் எக்ஸ்ரே, கையில் பணம் புரண்டால் எம்ஆர்ஐ. படத்தைப் பார்த்துவிட்டு “எலும்பு தேய்மானம்” என்பார் மருத்துவர். கழுத்துப் பட்டை வரும். பிசியோதெரபியில் பத்து நாள் “கரண்ட்” வைப்பார்கள். கொஞ்சம் குறையும். மறுபடி அதே கிரேன், அதே கூடை, அதே வெல்டிங். மூன்று மாதத்தில் வலி திரும்பி வரும். இந்தப் பாதையில் எந்த நிறுத்தத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள்?”

முதலில் அந்தத் தேய்மானத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பாதிப் பயம் அந்தச் சொல்லில்தான் குடியிருக்கிறது. ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அவர்களில் 87.6 சதவீதம் பேரின் கழுத்தில் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்துக்கு ஏழு பேருக்கு மேல் இந்த மாற்றம் தெரிந்தது. வலி என்றால் என்னவென்றே தெரியாத ஆரோக்கியமானவர்கள் இவர்கள். ஆகவே படத்தில் தேய்மானம் தெரிவதால் மட்டும் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. நரை முடி போல வயதோடு வருவது அது. தலைச்சுமை தூக்குகிறவர்களுக்குக் கழுத்து எலும்பு மாற்றங்கள் கூடுதலாகவும் சீக்கிரமாகவும் வருவதை ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும் படம் சொல்வது எலும்பின் வயதை. வலியின் முழுக் கதையை அல்ல.

முழுக் கதையில் பெரிய பாத்திரம் தசைக்கு. கழுத்தின் பின்புறத்திலிருந்து தோள் முனை வரை விரிந்திருக்கும் சரிவகத் தசையைத்தான் நாம் அலுப்பில் தானாகவே பிசைந்துகொள்கிறோம். கனமான பொருளைத் தூக்கினால்தான் தசை களைக்கும் என்று நினைப்போம். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதையுமே தூக்குவதில்லை, அவருக்கு ஏன் வலிக்கிறது? சுவீடனைச் சேர்ந்த யோரன் ஹெக் 1991இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். தசை வேலை செய்யும்போது அதன் நார்க்கட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்வதில்லை. சிறிய நார்க்கட்டுகள் முதலில் எழும். பளு கூடினால்தான் பெரியவை வரும். பளு குறைந்தால் பெரியவை முதலில் ஓய்வுக்குப் போகும். சிறியவையோ கடைசி வரை வேலையில் இருக்கும். லேசான வேலையை இடைவிடாமல் செய்தால் நாள் முழுக்க மாட்டிக்கொள்வது அந்தச் சிறிய நார்களே. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் மருமகளின் நிலைமை. ஹெக் இதற்கு சிண்ட்ரெல்லாவின் பெயரை வைத்தார். எல்லா வலியையும் இது விளக்கிவிடாது. ஆனால் நோய்க்கு மூலம் பளு மட்டுமல்ல, இடைவெளியின்மையும்தான் என்பதை இது புரியவைக்கிறது.

தோளின் சங்கதி சற்று வேறு. தோள் மூட்டின் மேலே, எலும்புக் கூரைக்கு அடியில் ஒரு சிறு தசையும் அதன் தசைநாணும் ஓடுகின்றன. கையைப் பக்கவாட்டில் சிறிது உயர்த்தினாலே அந்தத் தசைக்குள் அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் தடைபடத் தொடங்குகிறது. கையை இறக்கினால் ஓட்டம் திரும்பும். இறக்காமலே வேலை செய்தால்? சுவீடனின் கப்பல் கட்டும் தளங்களில் வெல்டர்களின் தோளை ஆராய்ந்தவர்கள் 1981இல் வெளியிட்ட முடிவு, அவர்களிடையே இந்தத் தசைநாண் அழற்சி அலுவலக ஊழியர்களைவிட மிக அதிகம் என்றது. எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ தலைக்கு மேல் வெல்டிங் வைக்கும் ஒருவருக்கு அந்த ஆய்வைப் படித்துக் காட்டினால், “இது தெரிய ஆராய்ச்சி வேணுமா?” என்று சிரிப்பார். வேண்டும். எழுதப்படாத வலிக்கு நஷ்டஈடும் இல்லை, மாற்று ஏற்பாடும் இல்லை.

இங்கே ஒரு வாட்ஸ்அப் புள்ளிவிவரத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பளு ஏறுகிறது என்று படம் போட்டு வருமே, அது. 2014இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. எந்த மனிதரின் கழுத்திலும் அளந்தது அல்ல. தலை சுமார் ஐந்து கிலோ இருக்கும், குனியக் குனியப் பின்கழுத்துத் தசை கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது வரை சரி. குனிவதே குற்றம் என்பது சரியல்ல. எந்தக் கோணமும் கொஞ்ச நேரத்துக்குத் தீங்கில்லை. அதே கோணத்தில் உறைந்து கிடப்பதுதான் தொல்லை. கிரேன் அறையின் பிரச்சினையும் அதுவே.

1983 டிசம்பரில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டபோது, மூட்டை சுமந்த முதுகுகளின் காலம் முடியத் தொடங்கியது. அது நல்லதுதான். பளு இயந்திரத்துக்குப் போனது. பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை கழுத்துக்கு வந்தது. ஆயிரம் பேருக்குப் பகிர்ந்திருந்த நோவு சில நூறு பேரின் கழுத்தில் வேறு வடிவத்தில் உட்கார்ந்துகொண்டது.

தசையும் தசைநாணும் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆறிவிடக் கூடியவை. பிறகு ஏன் சிலருக்கு வலி ஆண்டுக்கணக்கில் நீள்கிறது? நரம்பு மண்டலம் வலியைப் பழகிக்கொள்கிறது என்பது ஒரு காரணம். தொடர்ந்து வரும் சமிக்ஞையால் தண்டுவடத்து நரம்புகள் கூர்மையாகி, சாதாரணத் தொடுதலையும் அசைவையும்கூட வலியாகப் பெரிதாக்கி அனுப்பத் தொடங்குகின்றன. நைட் ஷிப்டில் கெட்ட தூக்கம் இதைக் கூட்டும். “தேய்ஞ்சு போச்சு, அசைச்சா இன்னும் தேயும்” என்ற பயம் இன்னும் கூட்டும். பயத்தில் அசைக்காத தோள் இறுகும், பலம் குறையும், அடுத்த முறை கொஞ்சம் அசைத்தாலும் வலிக்கும். ஓவர்டைம் கைவிட்டுப் போனால் வட்டி கட்ட முடியாது, கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா தெரியாது, சூப்பர்வைசர் நம்பவில்லை என்ற நெருக்கடிகள் அதன் மேல். இதையெல்லாம் “மனசுல இருக்கிற வலி” என்று யாராவது சொன்னால் தொழிலாளிக்குக் கோபம் வரும். கோபம் நியாயமானது. வலி உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் அதன் வேர்கள் உடம்போடு முடிவதில்லை.

இதை முதலில் ஒரு சிகிச்சை முறையாக மாற்றியவர் ஒரு மல்யுத்த வீரர். இத்தாலியின் ஒரு சின்னத் தீவில் 1917இல் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஜான் போனிக்கா, மருத்துவப் படிப்புக்குப் பணம் கட்ட முகமூடி அணிந்து மல்யுத்த மேடையில் சண்டை போட்டவர். அந்தச் சண்டைகள் தந்த தோள், இடுப்பு வலி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் மயக்க மருத்துவராக ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, சில வலிகள் தனி ஒரு நிபுணருக்குப் பிடிபடாதவை என்று கண்டார். நரம்பு மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேச வைத்தார். 1960இல் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே அப்படி ஒரு வலி மருத்துவ மையத்தை உருவாக்கினார். 1977இல் ஜார்ஜ் எங்கெல் என்ற மருத்துவர், நோயை உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்ததாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிய கட்டுரை இந்த அணுகுமுறைக்குக் கோட்பாட்டைத் தந்தது. பல்துறை மறுவாழ்வுச் சிகிச்சை என்று இன்று சொல்வது இதைத்தான்: மருத்துவரோடு பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் தேவையானவர்கள் சேர்ந்து, ஒரே திட்டத்தோடு ஒருவரை வேலைக்குத் திரும்பவைப்பது.

கேட்க நன்றாக இருக்கிறது. பலன் உண்டா? இந்த இடத்தில் அறிவியல் கொஞ்சம் கசப்பான பதிலைத் தருகிறது. பின்லாந்தின் கார்யலைனனும் உடன் ஆய்வாளர்களும், வேலை செய்யும் வயதினரின் கழுத்து, தோள் வலிக்குப் பல்துறைச் சிகிச்சை உதவுகிறதா என்று மருத்துவ ஆதாரங்களைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்புக்காக உலக ஆய்வுகளைச் சலித்தார்கள். 1,808 ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்ததில் தேறியவை இரண்டே இரண்டு. இரண்டும் சுவீடனில் நடந்தவை. இரண்டிலும் பல்துறைச் சிகிச்சை மற்றதைவிடத் தெளிவாக மேலானது என்று காட்டும் ஆதாரம் இல்லை. நார்வேயில் கழுத்து, முதுகு வலியால் விடுப்பில் இருந்த நானூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும், வேலையை மையப்படுத்திய சிகிச்சை வழக்கமான பல்துறைச் சிகிச்சையைவிடச் சீக்கிரம் யாரையும் வேலைக்கு அனுப்பிவிடவில்லை.

முதுகு வலியில் நிலைமை மேல். 41 ஆய்வுகள், 6,858 பேர் என்று 2014இல் வந்த காக்ரேன் தொகுப்பு, பல்துறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் ஓரளவு குறைந்ததையும், உடற்சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் வேலையில் இருக்கும் வாய்ப்பு கூடியதையும் காட்டியது. கழுத்துக்கு அந்த அளவு ஆதாரம் சேரவில்லை.

அப்படியானால் குழு வேண்டாமா? நான் அப்படிப் படிக்கவில்லை. சுவீடனின் அந்த இரண்டு ஆய்வுகளில் 1995இல் வந்தது நமக்கு மிகவும் பயன்படக் கூடியது. ஒரு பிரிவில் உளவியலாளரே நோயாளிகளைப் பார்த்தார். இன்னொரு பிரிவில் அவர் நோயாளி பக்கமே போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் உள்ளிட்ட மற்ற ஊழியர்களுக்கு எப்படிப் பேசுவது, எப்படிப் பயத்தைப் போக்குவது என்று பயிற்சி மட்டும் கொடுத்தார். இரண்டு பிரிவின் பலனும் ஏறக்குறைய ஒன்று. செலவு இரண்டாவதில் குறைவு. உளவியலாளர்கள் குறைவாகவும் பிசியோதெரபிஸ்டுகள் நிறையவும் உள்ள தமிழ்நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஆளுக்கு ஆறு நிபுணர் தேவையில்லை. இருக்கும் பிசியோதெரபிஸ்ட் சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

இன்னொன்று உடற்பயிற்சி. இதில் ஆதாரம் வலுவானது. பின்லாந்தில் நாட்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களிடம் ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2003இல் வந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் பளுப் பயிற்சி செய்தவர்களுக்கு, நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலியும் முடக்கமும் வெகுவாகக் குறைந்தன. டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழுவினர் இதை இன்னும் சுருக்கினார்கள். 198 அலுவலக ஊழியர்களில் ஒரு பிரிவினர் நாளுக்கு 12 நிமிடமும், இன்னொரு பிரிவினர் வெறும் 2 நிமிடமும் ரப்பர் பட்டையைக் காலில் மிதித்துக் கைகளைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கினார்கள். வாரம் ஐந்து நாள், பத்து வாரம். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் என்பது ஒரு டீ ஆறும் நேரம். பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். இதற்காக ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. ஷிப்டு மாறும் இடத்தில் சூப்பர்வைசர் முகம் சுளிக்காமல் இருந்தால் சரி.

முகம் சுளிக்காமல் இருப்பது சாதாரண விஷயமில்லை என்று இந்தப் பகுதியின் வரலாறே சொல்லும். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் மட்டுமே என்பது. அந்தக் குறைகளிலிருந்துதான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இடைவேளையை நாம் தொழிலாளர் உரிமையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தசைநாருக்கு அது மருந்து.

சரி, குழுவாகச் சேர்ந்து வேலைக்காகவே ஓர் உறுப்பைச் செப்பனிடுவது நமக்குப் புதியதா என்றால், இல்லவே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையில் நிமிர்த்தத் தொடங்கியபோது, நிமிர்ந்த கையோடு போனவர்கள் பிழைக்க வழியின்றித் திரும்பி வந்தார்கள். கையை நிமிர்த்தினால் போதாது, அதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையத்தைத் தொடங்கி, தச்சு போன்ற தொழில்களைக் கையைக் காயப்படுத்திக்கொள்ளாமல் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

வடசென்னைக்குள்ளேயே இன்னும் பக்கத்து உதாரணம் இருக்கிறது. ராயபுரத்தை ஒட்டிய பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். பிரஸ்ஸில் நசுங்கிய விரல், பெல்ட்டில் சிக்கிய முன்கை, ரம்பத்தில் அறுபட்ட மணிக்கட்டு என்று சுற்றியுள்ள பட்டறைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வந்தவர்கள்தான் அதன் நோயாளிகள். நாட்டுக்கே முன்னோடியான அந்தப் பிரிவு பின்னர் கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது. அறுவைச் சிகிச்சை நிபுணரும் பிசியோதெரபிஸ்டும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் ஒரே கையைப் பற்றிப் பேசும் இடம். விரல் ஒட்டியதோடு அங்கே வேலை முடிவதில்லை. அந்த விரலால் ஸ்பேனர் பிடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கைக்கு இது கிடைத்ததற்குக் காரணம் இரத்தம் என்று நினைக்கிறேன். அறுந்த விரல் எல்லோர் கண்ணிலும் படுகிறது. போலீஸ் வரும், இழப்பீடு வரும், சங்கம் வரும். கழுத்து வலியில் சிந்த ஒன்றும் இல்லை. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களாக ஈய நச்சும் சிலிக்கோசிசும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் இருக்கின்றன. கழுத்து வலி இல்லை. பதிவில் இல்லாததால் கணக்கில் இல்லை, கணக்கில் இல்லாததால் யாருக்கும் பொறுப்பும் இல்லை.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, இந்தச் சிகிச்சைக்கு மிகப் பொருத்தமான அமைப்பும் அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். மருத்துவமும் கூலி இழப்புக்கான பணமும் ஒரே கூரையில் இருக்கும் அமைப்புகள் நம் நாட்டில் அபூர்வம். நோய் விடுப்பில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு நாள் வேலை செய்து கூலி வாங்கினால் அந்த நாளுக்கு நோய்ப் பணம் கிடையாது. ஒன்று முழு ஓய்வு, இல்லையென்றால் முழு வேலை. “ஃபிட்” அல்லது “அன்ஃபிட்”. நடுவில் எதுவும் இல்லை.

கழுத்துக்கும் தோளுக்கும் தேவைப்படுவதோ அந்த நடுவில் உள்ளதுதான். பின்லாந்தில் 2012இல் வந்த ஒரு சிறிய ஆய்வு இதைச் சோதித்தது. தசை, மூட்டு வலியால் விடுப்பு தேவைப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு முழு விடுப்பு; இன்னொரு பிரிவினருக்கு வேலை நேரத்தைப் பாதியாக்கி, தேவைப்பட்டால் வேலையையும் மாற்றிக் கொடுத்தார்கள். வழக்கமான வேலைக்கு நிலையாகத் திரும்ப முழு விடுப்புக்காரர்களுக்கு 20 நாளும், பாதி நேரக்காரர்களுக்கு 12 நாளும் ஆயின. வேலை பார்த்ததால் அவர்களின் வலி கூடிவிடவில்லை. சுவீடனில் நோய் விடுப்பைக் கால், அரை, முக்கால் என்று பிரித்தே எடுக்கலாம். அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒரு மருத்துவர், “இவர் நான்கு வாரம் தோளுக்கு மேல் கை தூக்கும் வேலை செய்யக் கூடாது, மற்றதைச் செய்யலாம்” என்று எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டுக்குத் தொழிற்சாலையில் மதிப்பும் பணத்தில் ஈடும் இருந்தால், வடசென்னையில் பல்துறைச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். புதுக் கட்டடம் வேண்டாம். விதியில் ஒரு திருத்தம் வேண்டும்.

இப்போது “லைட் டூட்டி” என்பது சூப்பர்வைசரின் தயவில் கிடைக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் பேசி வாங்கித் தரும். கான்ட்ராக்ட் தொழிலாளி கேட்டால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவார். ஆகவே குழுவில் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட்டுக்கு அடுத்து உட்கார வேண்டியவர் சூப்பர்வைசர்தான். சுவீடனின் ஆய்வுகளில் குழுக்கள் சோபிக்காமல் போனதற்கு, சிகிச்சை முடிந்தும் வேலை பெரும்பாலும் அப்படியே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. நிற்கும் பெஞ்சை இரண்டு அங்குலம் உயர்த்துவது, கிரேனில் ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது, தலைக்கு மேல் வெல்டிங்கை நாள் முழுக்க ஒருவருக்கே கொடுக்காமல் பகிர்வது ஆகியவை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாத சிகிச்சைகள்.

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கு முதலாளி இல்லை. அவரே முதலாளி, அவரே லோடுமேன். வீட்டுக்குப் போனால் தண்ணி லாரியில் பிடித்த குடங்களை மாடி ஏற்றுவதும் அவர்தான். அவர் சேரக் கூடிய நல வாரியங்கள் விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உதவுகின்றன. தோள் இறுகி மூன்று வாரம் வீட்டில் இருந்தால் கூலி தருவதில்லை. இவர்களைத் தேடிப் போகக் கூடிய கை அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். முக்கியமாகப் படுக்கையில் இருப்பவர்களுக்கு. 2024இலிருந்து தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று வேலையிடங்களுக்கே போய்ச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்கிறார்கள். அங்கேயே தோளையும் பார்த்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். “கை பின்னால போக மாட்டேங்குது, ஜாக்கெட் கொக்கி போட முடியல” என்று ஒரு பெண் சொன்னால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தோளில் எலும்புக் கூரையைச் செதுக்கி இடம் ஏற்படுத்தும் துளை அறுவைச் சிகிச்சை உலகெங்கும் நடந்துவந்தது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிலருக்கு உண்மையாகவே செதுக்கினார்கள், சிலருக்குத் துளையிட்டுப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இரு பிரிவினருக்கும் கிடைத்த நிவாரணத்தில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. விபத்தில் கிழிந்த தசைநாணுக்கு இது பொருந்தாது. மற்றபடி, கத்திக்கு முன் மூன்று மாதம் முறையான பளுப் பயிற்சி செய்து பார்த்தாயிற்றா என்று கேட்காத இடத்தில் அவசரப்பட வேண்டாம். கழுத்துப் பட்டையும் அப்படியே: மாதக்கணக்கில் போட்டால் தசை மேலும் பலவீனமாகும். வலி மாத்திரையை வெயிலில் வேலை செய்துகொண்டு தண்ணீரும் குடிக்காமல் வாரக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும்.

எல்லாக் கழுத்து வலியும் இந்த வகையல்ல. கையில் பலம் குறைந்து பொருள் நழுவினால், நடை தள்ளாடினால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்ட பின் வந்த வலிக்குப் புத்தூர் கட்டுக்கு முன் எக்ஸ்ரே தேவை. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் எலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு இடது தோள் வலித்தால் அது தோளே அல்ல, இதயம்; 108ஐ அழையுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். அடுத்த முறை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போகும்போது எம்ஆர்ஐ உறையை நீட்டுவதற்கு முன் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், கை எந்த உயரத்தில், தலை எந்தப் பக்கம், நடுவில் எத்தனை முறை எழ முடிகிறது, இரவில் எவ்வளவு தூக்கம். முடிந்தால் வேலை செய்யும் நிலையை நண்பரிடம் சொல்லி ஒரு நிமிடம் செல்போனில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். “என்னென்ன செய்யக் கூடாது” என்று மட்டும் கேட்டுத் திரும்பாமல், “எதையெல்லாம் செய்யலாம், எப்போதிலிருந்து” என்பதையும் எழுதி வாங்குங்கள். சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் லைட் டூட்டியை ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.